ஏழு மணிச் சொட்டு

பொய் சொன்ன மாதம் பதினாறு. உண்மை சொன்ன மாதம் இருபத்தெட்டு.

இருளம்மாள் சீட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். கிட்டத்தில் வைத்தால் எல்லாம் கலங்கல். தள்ளி வைத்தாலும் இருபத்தெட்டு இருபத்தெட்டாகவே இருந்தது.

"தாயி, மிஷினு சரியாத்தான் இருக்கா?"

"மிஷினு நல்லாத்தாம்மா இருக்கு. நீங்கதான் துள்ளுறீங்க" என்றாள் சினேகா. விருதுநகர் கண்ணாஸ்பத்திரியில் கண்ணின் பிரஷரை அளந்து எழுதுகிற பெண்.

துள்ளாமல் என்ன செய்வது? தாடையை ஒரு தட்டில் வைக்கச் சொல்வார்கள். நெற்றியை ஒரு பட்டையில் முட்டச் சொல்வார்கள். உள்ளே தெரியும் பச்சை விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குள் புஸ்ஸென்று காற்றை அடிப்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் என்றால் கண்ணைச் சிமிட்டுவார்கள். எம். புதுப்பட்டியில் இருபத்தாறு வருடம் பட்டாசுச் சரம் பின்னியவளுக்கு, முகத்துக்கு நேரே புஸ்ஸென்று சத்தம் வந்தால் உடம்பு தானாக எழுந்து வாசலைப் பார்த்து ஓடும். முதல் தடவை இருளம்மாள் அப்படித்தான் ஓடினாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர், அவர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே, என்ன ஏது என்று கேட்காமல் கூடவே ஓடினார்கள்.

அதனால் டாக்டரம்மாவே மஞ்சள் மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணைத் தொட்டு இன்னொரு முறை அளந்தார். அங்கேயும் இருபத்தெட்டு.

"மருந்து போடுறீங்களா?"

"தினமும் போடுறேம்மா. சாயங்காலம் ஏழு மணின்னா ஏழு மணி."

"போன மாசம் பதினாறு. மருந்து உங்க கண்ணுக்கு நல்லா வேலை செய்யுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இப்ப ஏறியிருக்குன்னா நீங்க போடலைன்னு அர்த்தம்."

"எம்மக மேல சத்தியமாப் போடுறேன்."

"மக மேல சத்தியம் பண்ணாதீங்க. கண்ணுல மருந்து போடுங்க" என்று டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தன் ஆயுளில் இருளம்மாள் சொன்ன பொய்களை எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். போன மாதப் பொய்யை இதே டாக்டரம்மா நம்பி, தோளில் தட்டி, "வெரி குட்" என்றார்.

போன மாதம் நடந்தது இதுதான். தை மாதம் முதன்முதலாகப் பார்த்தபோது கண் பிரஷர் முப்பது. டாக்டரம்மா ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து, இந்த நோய் வலிக்காது, சொல்லாது, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே நடுவுக்கு வரும், போனது திரும்பாது, ஒரு நாளும் விடாமல் போடுங்கள் என்றார். இருளம்மாள் தலையாட்டினாள். ஆனால் மருந்து எரிந்தது. தொண்டைக்குள் கசப்பாக இறங்கியது. காலையில் கண் சிவந்தது. கண் சிவந்து போனால் போர்மேன் பாண்டிராஜ், "இருளம்மா, வெடிமருந்து ரூமுக்குள்ள இந்தக் கண்ணோட வராத, வீட்டுக்குப் போ" என்பான். அதனால் பாட்டிலைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின மூன்று நாள் மட்டும் எடுத்துக் கை ஓயும் மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்த சோதனையெல்லாம் அப்படிப்பட்டது. "நாளைக்குச் செக்கிங்" என்று முதல் நாளே கம்பெனிக்குப் போன் வரும். சிவப்பு வாளிகளில் புது மணல் விழும். தொட்டியில் தண்ணீர் நிறையும். நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் எட்டுப் பேர் இருந்தால், நாலு பேர் தூக்குச்சட்டியோடு பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கார் வரும், பார்க்கும், எழுதும், போகும். கார் மறைந்ததும் நாலு மறுபடி எட்டாகும். எத்தனையோ செக்கிங்கை முள்ளுக்கு நடுவிலிருந்தே பார்த்தவள் இருளம்மாள். செக்கிங் என்பது அதற்கு முந்தின நாள் செய்கிற வேலை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதினாறு வந்தது. கார் போய்விட்டது என்று நினைத்தாள்.

கார் போகவில்லை என்பது மாசி கடைசியில் தெரிந்தது. சரம் பின்னிக்கொண்டிருந்தவள் இடதுபக்கம் கையை நீட்டினாள். அங்கே பாண்டிமீனா திரித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். இருளம்மாளுக்கு அவளும் தெரியவில்லை, தட்டும் தெரியவில்லை. தட்டு கவிழ்ந்து, தகரம் தரையில் உரசியது.

ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறையில் இருந்த அத்தனை பேரும் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். எப்படி வந்தோம் என்று ஒருத்திக்கும் நினைவில்லை.

"யக்கா, நான் அங்கன மலை மாதிரி இருக்கேன், தெரியலையா ஒனக்கு?" என்றாள் பாண்டிமீனா. கொஞ்ச நேரம் கழித்து, "போர்மேன்கிட்ட நானே தட்டிவிட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் இருளம்மாள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்தாள். இனி ஒரு நாள்கூட விடுவதில்லை. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது காதுக்குப் போயிற்று.

"குடும்மா, நான் ஊத்துறேன்" என்றாள் மகள் ஓவியா.

இருளம்மாள் தன் காதை நம்பவில்லை. ஓவியா பி.காம். முடித்துவிட்டு சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில் பில் போடுகிறவள். கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே தாயின் பக்கத்தில் வந்து உட்கார மாட்டாள். "வெடிமருந்து வாடைம்மா, தள்ளிப் போ" என்பாள். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மினுங்குகிற வெள்ளிப்பொடியைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். தை மாதம் சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, "முகத்துல ஒரு எடுப்பு இல்ல" என்று தரகரிடம் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் யாரிடமும் பேசுவதே இல்லை. போன்தான் துணை. அந்த ஓவியா எழுந்து வந்து, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துச் சீட்டை விரித்து, வரிவரியாகப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். போனில் ஏதோ தேடிப் பார்த்தாள்.

"படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றான் புருஷன் வெள்ளைத்துரை.

ஓவியா தாயின் தலையைத் தன் மடியில் சாய்த்து, இரண்டு விரலால் இமையைப் பிரித்தாள். அந்த விரல்கள் குளிர்ந்திருந்தன. மகள் தன்னைத் தொட்டு எத்தனை வருடம் இருக்கும் என்று இருளம்மாள் கணக்குப் பார்த்தாள். கணக்கு முடிவதற்குள் சொட்டு விழுந்துவிட்டது.

முதல் சில நாள் எரிந்தது. அப்புறம் எரியவே இல்லை. தொண்டைக்குக் கசப்பும் இறங்கவில்லை.

"நீ ஊத்துனா பச்சத் தண்ணி மாதிரி இருக்குட்டி. கை ராசி."

"மெதுவா ஊத்துனா எரியாதும்மா. ஆடாம இரு."

இதைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று ஓவியா சொன்னாள். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. அவள் ஆபீசில் இருந்தது. அதனால் காலையில் கைப்பையில் போட்டு எடுத்துப் போவாள். சாயங்காலம் கொண்டுவருவாள்.

"மருந்துக்கு வந்த வாழ்வப் பாரு. தினமும் பஸ்ஸேறிச் சிவகாசி போயி ஏசி ரூம்ல இருந்துட்டு வருது" என்றான் வெள்ளைத்துரை.

ஏழு மணியை எதிர்பார்த்தே இருளம்மாளின் நாள் நகர்ந்தது. கம்பெனியில் சரம் பின்னும்போது அந்தக் குளிர்ந்த இரண்டு விரலை நினைத்துக்கொள்வாள். நோய் வந்ததுகூட நல்லதுக்குத்தான் என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியதும் பயந்து, வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பங்குனியில் இருபத்தெட்டு வந்தது.

வெள்ளைத்துரைக்கு இது பெரிய விஷயமாகப்படவில்லை. லோடு இறக்கி இறக்கி முதுகு போனவன். இப்போது அச்சாபீஸ் குடோன் ஒன்றில் காவல். அவனுக்கும் பிரஷர் உண்டு, ரத்தத்தில்.

"பிரஷருன்னா எல்லாம் பிரஷருதான் புள்ள. எனக்கு டாக்டரு என்ன சொன்னாக? உப்பக் குறை, தண்ணியக் குடின்னாக. ஒனக்கும் அதேதான். உடம்புச் சூடு கண்ணு வழியாப் போகுது."

அன்றிலிருந்து சோற்றில் உப்பில்லை. வெள்ளைத்துரைக்கும் உப்பில்லை. நாலாவது நாள் அவன் குடோனிலிருந்து வரும் வழியில் டீக்கடை வடையாக இரண்டு தின்றுவிட்டு வர ஆரம்பித்தான். இருளம்மாள் விடாமல் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அடுத்த செக்கிங்குக்குப் போன அன்று, சூட்டைத் தணித்துக்கொண்டு உள்ளே போகலாம் என்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்று இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு சொம்பு மோரும் ஒரே மூச்சில் குடித்தாள்.

முப்பத்து மூன்று.

"வாறதுக்கு முன்னால என்னம்மா குடிச்சீங்க?" என்றாள் சினேகா.

சொன்னாள்.

"அய்யோ, மொத்தமாத் தண்ணி குடிச்சா ஏறத்தான் செய்யும்!"

டாக்டரம்மா இந்தத் தடவை திட்டவில்லை. அதுதான் இருளம்மாளுக்கு அதிகம் வலித்தது. "போடச் சொல்லி நான் கெஞ்ச முடியாதும்மா. உங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

மருந்துக்கடைக்காரன் போலி மருந்து கொடுத்திருப்பான் என்று அடுத்தபடியாகத் தோன்றியது. போய்ச் சண்டை போட்டாள். அவன் பில்லைக் காட்டினான், பெட்டியைக் காட்டினான், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டான். இருளம்மாள் வேறு கடையில் வேறு பாட்டில் வாங்கிவந்தாள்.

"ரெண்டையும் என்கிட்டயே குடும்மா, நான் பத்திரமா வச்சுக்கிறேன்" என்றாள் ஓவியா.

"இனிமே கண்ணுக்கு ரெண்டு சொட்டா ஊத்துட்டி. பிரஷரு ஓடிரணும்."

"சரிம்மா" என்றாள் மகள். மறுபேச்சே பேசவில்லை.

இரண்டு சொட்டாக ஊற்றியும் பாட்டில் ஒரு மாதம் தாண்டி, ஒன்றரை மாதம் வந்தது. தன் கையால் ஊற்றிய காலத்தில் மூன்று நாளில் கால் பாட்டில் காலியானது இருளம்மாளுக்கு நினைவிருந்தது. ஒரு சொட்டும் வீணாக்காத பொறுப்பான பெண்ணைப் பெற்றிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரச்சினை நம்பிக்கையில்தான் இருக்கிறது என்று வெள்ளைத்துரை கண்டுபிடித்தான்.

"நீ போடுறது அவுகளுக்கு எப்படித் தெரியும்? ரிஜிஸ்டர் வேணும். எங்க குடோன்ல எலி உள்ள போனாக்கூட ரிஜிஸ்டர்ல ஏத்தணும்."

குடோனிலிருந்து ஒரு தினக் காலண்டர் வந்தது. தினமும் ஏழு மணிக்குச் சொட்டு விழுந்ததும் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் ஓவியா நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். கீழே வெள்ளைத்துரை சாட்சிக் கையெழுத்து. முப்பது தாளையும் ரப்பர் பேண்டு போட்டு வைகாசியில் இருளம்மாள் டாக்டரம்மா மேசைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒழுங்காப் போடுற யாரும் இதெல்லாம் கொண்டுவந்து நான் பாத்ததில்லம்மா."

இருளம்மாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. முழு உண்மையையும் சொல்லிவிட்டால் நம்புவார் என்று நினைத்தாள். "அம்மா, பதினாறு வந்துச்சுல்ல, அந்த மாசந்தான் நான் போடல. வாறதுக்கு முன்னால மூணு நாள் மட்டும் ஊத்திக்கிட்டு வந்தேன். அதுக்கப்புறம் ஒரு நாள் விடல. சாமி சத்தியம்."

"அதாவது, போடாத மாசம் பதினாறு."

"ஆமாம்மா."

"தினமும் போடுற மாசமெல்லாம் இருபத்தெட்டு, முப்பத்து மூணு."

"ஆமாம்மா."

"இதை நான் நம்பணும்."

இருளம்மாள் யோசித்துப் பார்த்தாள். அவளாலேயே நம்ப முடியவில்லை.

டாக்டரம்மா காலையில் போட இன்னொரு மருந்தை எழுதினார். காலையில் ஓவியா ஏழரை பஸ்ஸுக்கு ஓடுகிறவள். அதனால் இதை இருளம்மாளே கண்ணாடி முன்னால் நின்று ஊற்றிக்கொண்டாள். இது எரிந்தது. கசந்தது. மகள் கையில் எரியாதது தன் கையில் மட்டும் எரிகிறதே என்று தன் கையையே பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளிப்பொடி மினுங்கியது. நாம் பிறந்த பிறப்பு அப்படி என்று விட்டுவிட்டாள்.

புது மருந்து ஆளைச் சோர வைத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் அறைக்குள் எழுந்தவள் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தாள். பாண்டிராஜ் பார்த்துவிட்டான்.

"இருளம்மா, ஒனக்குக் கண்ணு தெரியலன்னு பேசிக்கிடுறாங்களே?"

"எவன் சொன்னான்? ஒன் சட்டையில மூணாவது பட்டன் இல்ல, தெரியுது பாரு."

பாண்டிராஜ் சட்டையைப் பார்த்துக்கொண்டான். பட்டன் இருந்தது.

மறுநாளிலிருந்து அவளுக்குச் சரம் கிடையாது. வெளியே காகிதக் குப்பை கூட்டுகிற வேலை. அறைக்குள்ளிருந்து பாண்டிமீனா மட்டும் வெளியே வந்து ஒருமுறை அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். போகும்போது, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னாள். "யக்கா, நேத்து பஸ்ஸுல ஒம்மகளப் பாத்தேன். கண்ணு பொம்மைக் கண்ணு மாதிரி ஆயிருச்சே! என்ன போடுறா?"

"அவ என்னத்தப் போடுறா, ஒரு மையிகூட எழுத மாட்டா" என்றாள் இருளம்மாள் பெருமையாக.

இதையே ஆனியில் வெம்பக்கோட்டையிலிருந்து வந்தவர்களும் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் கற்பகவல்லி காபியை வாங்கிக்கொண்டு ஓவியாவை நிமிரச் சொன்னாள். நிமிர்ந்தவளைக் காபி ஆறுகிற வரை பார்த்தாள்.

"மை எழுதாமலே எழுதுன மாதிரி இருக்கு கண்ணு. இது யாரு வழி? தாய் வழியா, தகப்பன் வழியா?"

"அவ ஆத்தா கண்ணுதான்" என்றான் வெள்ளைத்துரை. "எங்க பக்கமெல்லாம் பன்னிக்கண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். இருளம்மாள் சிரிக்காமல் மகளைப் பார்த்தாள். தூரத்தில் முகம் தெரிந்தது, கண்ணின் நுணுக்கம் தெரியவில்லை. தினமும் ஏழு மணிக்கு அந்த முகம் தன் முகத்துக்கு மேலே குனிகிறபோது, கிட்டத்துக் கலங்கலில் அது ஒரு வெளிச்சமாகத்தான் தெரியும். ஊரெல்லாம் பார்க்கிற அழகு தனக்கு மட்டும் தெரியவில்லை. போகட்டும். தன்னிடமிருந்து ஏதோ ஒன்று அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருபத்தாறு வருடத்து வெள்ளிப்பொடி வாடையைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது போதும் என்று இருந்தது.

ஆடி கழிந்து நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து. ஓரப்பார்வை பார்க்கிற மிஷினில் விளக்கு மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இருளம்மாள் இருட்டுக்குள் பொறுமையாகக் காத்திருந்தாள். விளக்கே வரவில்லை என்று நினைத்தாள். இடப்பக்கம் முழுக்க விளக்கு வந்துகொண்டேதான் இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

"இனிமே ஆபரேஷன்தாம்மா" என்றார் டாக்டரம்மா. "மருந்தால முடியல, இல்ல உங்களால முடியல. ஆபரேஷன் பண்ணாலும் தூசி, புகை, கெமிக்கல் பக்கம் போகக்கூடாது."

அப்படியென்றால் கம்பெனி இல்லை. குப்பை கூட்டுகிற வேலைகூட இல்லை. இருளம்மாள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவ இன்னும் பாருங்க. நான் போடுறேம்மா. என்னைய நம்புங்க."

டாக்டரம்மா சீட்டில் இருந்த பழைய அளவுகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. மருந்து ஊத்துறவங்களையும் கூட்டிட்டு வாங்க. அவங்களை நான் கேக்கணும்."

ஓவியா வர மாட்டேன் என்றாள். ஆர்டர் பில் குவிந்து கிடக்கிறது என்றாள். பஸ்ஸில் வாந்தி வரும் என்றாள். அப்பாவைக் கூட்டிப் போ என்றாள்.

"அவரு சாட்சிக் கையெழுத்துத்தான் போட்டாரு. ஊத்துனது நீதானட்டி. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஆபரேஷன் வேண்டாம்பாக. எனக்காக வா."

எனக்காக என்ற சொல்லை இருளம்மாள் மகளிடம் அதுவரை பயன்படுத்தியதே இல்லை. ஓவியா அவள் முகத்தைப் பார்க்காமல், கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். ஓவியா உள்ளே வராமல் வரிசையின் கடைசி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். இருளம்மாள் மட்டும் சினேகாவின் அறைக்குள் போனாள். இப்போதெல்லாம் காற்றுக்கு அவள் துள்ளுவதில்லை. தாடையைத் தட்டில் வைத்து, புஸ்ஸென்று வந்ததை அசையாமல் வாங்கிக்கொண்டாள்.

"இருபத்தாறும்மா" என்றாள் சினேகா. குரல் இறங்கியிருந்தது. "டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க. உங்க சீட்டுல ஒண்ணு எழுதிவச்சுட்டுப் போயிருக்காங்க, அதையும் பாத்துருறேன்."

டார்ச்சை எடுத்து இருளம்மாளின் வலக் கண்ணருகே பிடித்தாள். பிறகு இடக் கண்ணருகே. கண்ணுக்குள் பார்க்கவில்லை. இமையைத்தான் பார்த்தாள். மேலிமையைத் தொட்டுப் பார்த்தாள். சீட்டில் எழுதினாள்.

"என்ன தாயி எழுதுற?"

"சொன்னா வருத்தப்படுவீங்க. நீங்க அந்த ஏழு மணி மருந்தப் போடலம்மா. ஒரு நாள் ரெண்டு நாளில்ல, மாசக்கணக்காப் போடல."

"என் இமையில எழுதியா ஒட்டியிருக்கு?"

"ஒரு மாதிரி எழுதித்தான் இருக்கும்மா."

உப்பில்லாத கஞ்சி, காலண்டர் தாள், பாண்டிராஜ் பார்த்த பார்வை, துடைப்பக்கட்டை எல்லாம் இருளம்மாளுக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தன. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏழு மணி நடக்கவே இல்லை என்கிறாளே, இந்தச் சின்னப் பெண். அந்த இரண்டு விரலும் இல்லை என்கிறாளே.

"என் கண்ணு பொய் சொல்லும். ஒன் மிஷினு பொய் சொல்லும். எம்மக பொய் சொல்ல மாட்டா" என்று எழுந்தாள். "எனக்குச் சாட்சி இருக்கு."

கதவைத் திறந்து, "ஏட்டி ஓவியா! உள்ள வா!" என்று கத்தினாள். வரிசை முழுவதும் திரும்பியது. ஓவியா எழுந்திருக்கவில்லை. இருளம்மாள் நாற்காலிகளில் இடித்துக்கொண்டே போய், மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தாள்.

"விடும்மா, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நீ என்ன தப்பா பண்ணிட்ட? ஒந்தாய்க்குப் பண்ணுனதத்தானே சொல்லப் போற."

தன் நாற்காலியில், பெரிய விளக்குக்கு நேர் கீழே மகளை உட்கார்த்தினாள். தோளில் கை வைத்துக்கொண்டாள்.

"இந்தா, இவதான். அஞ்சு மாசமா ஏழு மணி தப்பாம ஊத்துன கை இதுதான். கேட்டுக்க. நல்லாக் கேட்டுக்க."

ஓவியா குனிந்தே இருந்தாள். சினேகா சிரித்தபடி, டார்ச்சை அணைக்க மறந்து, அவள் மோவாயில் ஒரு விரலை வைத்து முகத்தை நிமிர்த்தினாள்.

"இங்க பாருங்கம்மா, இதத்தான் சொன்னேன், அந்த மருந்த விடாமப் போட்டா இமை முடி இப்படித்தான் கருகருன்னு நீண்டு வளரும்; அக்கா ஒரு நாள்கூட விடாமப் போட்டிருக்காங்க, அக்காவுக்கு எத்தனை பிரஷரு?"